அடிவரிசைக் கல்

அந்தக் காட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. பொதுக் களஞ்சியத்துத் தானியத்தைச் செலவழித்து எந்தப் பகுதியில் தண்ணீர்த் தொட்டி கட்டினாலும், அங்கே இருப்பதிலேயே குட்டையான உயிர்தான் முதலில் குடிக்க வேண்டும். அதற்கு எட்டாத தொட்டிக்குத் தானியம் கிடையாது.

மேட்டுப் பகுதியின் தலைவரான குதிரை, களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் காகத்திடம் போனது.

"இந்த நிபந்தனையால வேலை இழுத்துக்கிட்டே போகுது. கோடை வந்துடுச்சு. இந்த ஒரு தடவை எடுத்துடுங்க."

காகம் எடுத்துவிட்டது.

அந்தப் பகுதியிலேயே குட்டையான ஆமைக்கு இது தெரியாது. இருபது நாள் முதுகில் கல் சுமந்தது. தொட்டியின் அடிவரிசை முழுக்க அது சுமந்த கல்தான்.

திறப்பு விழாவில் குதிரை முதலில் குடித்தது. தொட்டியின் விளிம்பு அதன் மார்பு உயரத்தில் இருந்தது. ஆமை அண்ணாந்து பார்த்தது.

"நான் எப்படிக் குடிக்கிறது?"

"கோபப்படாதீங்க. தொட்டி எல்லாருக்கும் பொதுதான். அடுத்த வருஷம் உங்களுக்கு ஒரு படி வெச்சுடலாம்."

"எல்லாரும்னா யாருய்யா? கல் சுமக்கும்போது நான் குட்டைன்னு ஒருத்தரும் சொல்லலையே! குடிக்க வந்தாத்தான் என் உயரம் உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

"விழா நேரத்துல போய்..." என்று குதிரை இழுத்தது.

ஆமை தொட்டியின் அடிக்குப் போனது. அவசரமாகக் கட்டியதில் பூச்சுகூடக் காயவில்லை. "இது நான் கொண்டுவந்த கல்" என்று சொல்லி, ஒன்றைக் கவ்வி உருவியது. தண்ணீர் பீறிட்டுப் பக்கத்திலிருந்த பள்ளத்தில் தேங்கியது. ஆமை வயிறு முட்டக் குடித்தது.

மத்தியானம் குதிரைக்கு மறுபடியும் தாகமெடுத்தது. தொட்டி காலியாகக் கிடந்தது. பள்ளத்தருகே முன்னங்கால்களை மடக்கி, தரையோடு தரையாக முகத்தைத் தாழ்த்தியது.

ஆமை சற்று நகர்ந்து அதற்கு இடம் விட்டது.