தென்கரைப் பாறை

ஏரிக்கு நான்கு கரைகள். ஒவ்வொரு கரையிலும் ஒரு பாறை, அதன்மேல் காவலுக்கு ஓர் ஆள்காட்டிக் குருவி. சிறுத்தை தலை காட்டினால் குருவி கத்தும், தண்ணீர் குடிக்க வந்தவை தப்பி ஓடிவிடும். காட்டுச் சங்கம் செய்திருந்த ஏற்பாடு அது.

அந்தக் கோடையில் சங்கத்தைச் சீரமைக்கக் கூட்டம் நடந்தது.

“நாலு காவல் எதுக்கு? இனிமே வடகரையில ஒண்ணு போதும்” என்றது தலைவர் யானை. யானைகள் தண்ணீர் குடிப்பது வடகரையில்.

“தென்கரைக்குச் சிறுத்தை வந்தா எங்களுக்கு யாரு சொல்லுவா, தலைவரே?” என்று முயல் கேட்டது.

“வடகரைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. குருவியை உடனே அனுப்பறோம்.”

சங்கத்தில் மறுப்பவர்கள் காலால் தரையைத் தட்ட வேண்டும். தரை அதிர்ந்தால்தான் அது மறுப்பு. முயல் தட்டியது. முயலளவே இருக்கும் சருகுமானும் குளம்பு வலிக்க வலிக்கத் தட்டியது. யானை பொறுமையாகக் காத்திருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது.

“அதிர்வே இல்லையே! அப்போ எல்லாருக்கும் சம்மதம்.”

மறுநாள் காலை முயலும் சருகுமானும் தென்கரைக்குப் போயின. இரண்டுக்கும் நாக்கு வறண்டிருந்தது. இலைகூட அசையாத புழுக்கம்.

“நீ குடி, நான் பார்த்துக்கறேன்” என்றது சருகுமான்.

முயல் தண்ணீரில் வாய் வைத்தது.

பின்னால் புல் அசைந்தது.

இரண்டும் பழக்கத்தில் பாறையைத்தான் நிமிர்ந்து பார்த்தன.