பித்தளைப் பாலாடை

"பாலாடை வேணும்ணே. இப்பவே வேணும்."

வாசலில் மழையில் நின்றபடியே கேட்டான் கருத்தப்பாண்டி. வெள்ளைக்காரன் தேயிலை எஸ்டேட்டின் கூலி லயத்திலிருந்து சித்திரபுரம் வரை நனைந்துகொண்டே நடந்து வந்திருந்தான். உள்ளே வா என்று அண்ணன் செல்லத்துரை சொல்லவில்லை. மின்சார இலாகா குவார்ட்டர்ஸில் சிமெண்டுத் தரை. சேறு பட்டால் அவன் பெண்டாட்டி மூக்கம்மாள் வீட்டை இரண்டாக்கிவிடுவாள்.

"மூணு வருஷமா எட்டிப் பார்க்காதவன், இப்ப பாலாடைக்கு மட்டும் வந்திருக்கியாக்கும்?"

"பால் தொண்டையில இறங்க மாட்டேங்குதுண்ணே. கரண்டியில குடுத்தா கடைவாயில வழிஞ்சிடுது. அது இருந்தா ரெண்டு சொட்டாவது இறங்கும்."

செல்லத்துரைக்குப் புரிந்துவிட்டது. தம்பி பெண்டாட்டி முழுகாமல் இருப்பதாகச் சந்தையில் யாரோ சொல்லியிருந்தார்கள். பிள்ளை பிறந்ததைச் சொல்லியனுப்ப இந்தப் பயலுக்கு மனசு வரவில்லை, பார்த்தாயா?

"லயத்துல தகரக் குவளை கிடைக்கலையாமா?" உள்ளேயிருந்து மூக்கம்மாள் குரல் கொடுத்தாள். "எங்க பிள்ளைங்க குடிச்சது அது. தர முடியாதுன்னு சொல்லுங்க."

"அதுல எனக்கும் பங்கு உண்டுல்லா, மதினி?"

உண்டுதான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறியபோது அம்மா மடியில் கட்டிக்கொண்டு வந்த ஒரே சாமான், பிள்ளைக்குப் பால் புகட்டும் அந்த மூக்கு வைத்த பித்தளைக் கிண்ணம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் அதில் குடித்து வளர்ந்தவர்கள். ஆபீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தால் செல்லத்துரை அதை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டுவான். "எங்க ஊர்ப் பாத்திரம் சார், பரம்பரைச் சொத்து" என்பான். கண்டாங்கிச் சேலையும் வெற்றிலை வாயுமாக அம்மா அதே ஆட்கள் முன்னால் வந்து நிற்பதுதான் அவனுக்கு ஆகவில்லை. சின்னவனோடு லயத்திலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டான். அதிலிருந்துதான் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை.

"உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். நேரமாவுதுண்ணே."

சொல்லும்போதே கருத்தப்பாண்டிக்கு அழுகை வந்துவிட்டது. ஆம்பிளை இப்படித் தேம்புவதைப் பார்க்க செல்லத்துரைக்கும் தாங்கவில்லை. என்ன இருந்தாலும் தன் ரத்தம். ஒரு பச்சைக் குழந்தை பசியில் கிடக்கும்போது வீம்பு என்ன வேண்டியிருக்கிறது? மூக்கம்மாள் முறைத்ததைக் கண்டுகொள்ளாமல் பாலாடையை எடுத்து வேட்டியில் துடைத்து நீட்டினான்.

"ஆணா, பொண்ணாலே? இரு, குடையை எடுத்துட்டு நானும் வாரேன். பெரியப்பன் மொகத்தை அது பார்க்க வேண்டாமா?"

கருத்தப்பாண்டி பாலாடையை மடியில் செருகிக்கொண்டு படியிறங்கினான்.

"பிள்ளை பிறக்க இன்னும் நாள் கெடக்குண்ணே. இது அம்மாவுக்குக் கடைசியாப் பால் ஊத்த. பாலாடை மட்டும் போதும், பெரியவன் வேண்டாம்னுட்டா."