பக்கத்து நாற்காலி

"சார், டாஸு டாஸுன்றீங்களே, அது பொட்டிக்குள்ளயே இருக்குதா, இல்ல இந்தப் பிளாப்பியில இருக்குதா?"

மாணிக்கம்மாள் எழுந்து நின்று கேட்டதும் வகுப்பு குபீரென்று சிரித்தது. பக்கத்து நாற்காலி அர்ச்சுனனின் சிரிப்புதான் எல்லாரையும்விடச் சத்தம்.

"மெஷினை ஓட்டற அந்த டாஸ் புரோகிராம் பிளாப்பியிலதாம்மா இருக்கு. அதைச் சொருகி ஸ்விட்ச் போட்டாத்தான் மெஷின் வேலையே செய்யும்" என்றார் வேலூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர்.

சிரித்து முடித்த அர்ச்சுனன், குனிந்து அதை அப்படியே எழுதிக்கொண்டான்.

ஜமுனாமரத்தூர் கூட்டுறவுச் சங்கத்துக்கு எண்பத்தெட்டில் வந்து இறங்கிய முதல் கம்ப்யூட்டர் அது. பத்து நாள் பயிற்சி, பிறகு பரீட்சை. தேறினால் அர்ச்சுனனுக்குக் கம்ப்யூட்டரில் உட்காரும் வேலை. இல்லையென்றால் பழையபடி கிடங்கில் புளி மூட்டைக்கு எடை போட வேண்டியதுதான். பி.காம். படித்தவன், புளித்தூசியில் தும்மித் தும்மியே ஒரு வருடத்தை ஓட்டியிருந்தான்.

பாடம் புரிந்தாலும் புரியாவிட்டாலும் நோட்டில் பென்சிலால் எதையாவது கிறுக்கிக்கொண்டு, கரைத்துக் குடித்தவன் மாதிரி தலையாட்டுவான். பட்டதாரி எழுந்து சந்தேகம் கேட்டால் கௌரவம் என்னாவது?

போன மாதம்தான் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த மாணிக்கம்மாளுக்கு அந்தக் கவலையே இல்லை. தினம் நாலு கேள்வி.

"கரண்டு போய்ட்டா மெமரில இருக்கறது இன்னா ஆவும் சார்?"

நாலாம் நாள் டீ குடிக்கும்போது அர்ச்சுனன் பொறுமை இழந்தான்.

"இன்னாக்கா, இப்டி மானத்தை வாங்கறீங்க? தெரியலன்னா பேசாம ஒக்காருங்களேன்."

"சரி தம்பி, இனிமே வாயே தொறக்கல."

மறுநாள் நெட்வொர்க் பாடம். பயிற்சியாளர் போர்டில் ரெண்டு பெட்டி வரைந்து, நடுவே ஒரு கோடு இழுத்தார். அர்ச்சுனனுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. பக்கத்தில் பார்த்தான். மாணிக்கம்மாள் கையைக் கட்டிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வியர்த்துவிட்டது.

"அக்கா... எதனா கேக்கணும்னா கேளுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்று கிசுகிசுத்தான்.

அவள் ஓரக்கண்ணால் அவன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தாள்.

"சார், ரெண்டு மெஷினும் ஒரே நேரத்துல சேதி அனுப்பிச்சா, ஒரே ஒயர்ல எது மொதல்ல போவும்?"

மறுபடியும் சிரிப்பு. அர்ச்சுனன் இந்த முறை சிரிக்கக்கூட மறந்து எழுதினான்.

பரீட்சையில் அவன்தான் முதல். கம்ப்யூட்டர் வேலையும் அவனுக்கே. தேறியவர்கள் பட்டியலில் மாணிக்கம்மாள் பெயரைக் காணோம்.

"பாவம் சார், அந்தக்கா" என்றான் மேனேஜரிடம், பெரிய மனதோடு.

மேனேஜர் சிரித்தார். "அவங்க பரீட்சையே எழுதலய்யா. போன வருஷமே வேலூர்ல இதே பயிற்சில முதலா வந்தவங்க. நீங்க யாரும் மெஷினைக் கெடுத்துடாம பாத்துக்கத்தான் கூட ஒக்கார வெச்சேன்."

அர்ச்சுனன் முகம் சுண்டிப்போய் மாணிக்கம்மாள் முன்னால் போய் நின்றான்.

"எல்லாம் தெரிஞ்சு வெச்சுகிட்டா கேட்டீங்க?"

"நீ நோட்டு ஓரத்துல எழுதி வெச்ச சந்தேகத்தைத்தான் தம்பி கேட்டேன். பதினோராம் பக்கத்துல ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. உன் கையெழுத்து புரியல."