மெசுல்லாமுக்கு ஈடு

அப்பா எனக்காக முன்வரிசையில் ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தார்.

பத்து வருடத்துக்கு மேலாக என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றிருந்த மனிதர். வாசலில் என்னைக் கண்டதும் தாடியைத் தடவிக்கொண்டே அந்த நாற்காலியை விரலால் காட்டினார்.

தங்கை ஷிப்ராவுக்கு ஆண் குழந்தை பிறந்து எட்டாம் நாள். ஆசாரமான யூதர்களின் ஊரான பினே பிராக்கில் எங்கள் தெரு ஜெப ஆலயத்திலேயே விருத்தசேதனம். “அப்பாவே உன்னக் கூப்பிடச் சொன்னாருண்ணா” என்று போனில் சொல்லிவிட்டு அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

நான் டெல் அவிவில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். வண்டியைத் தொடவே கூடாத சனிக்கிழமை ஓய்வுநாளிலும் ஓட்டுவேன். அது தெரிந்த அன்று அப்பா என் துணிமணிகளை மாடியிலிருந்து தெருவில் எறிந்தார்.

அதன்பிறகு அம்மாவைப் பார்க்கவில்லை. கதவைத் தட்டினால் திறக்காது. போன் செய்தால் அப்பாதான் எடுப்பார், எடுத்து வைத்துவிடுவார்.

மறுபடி மகன் என்று சேர்த்துக்கொண்டால் போதும், ஓய்வுநாளில் காரை நிறுத்திவிடலாம் என்றுகூட அன்று காலை முடிவு செய்திருந்தேன். கறுப்புக் கோட்டு இரவல். தொப்பி மட்டும் புதிது.

“வாடா மெசுல்லாம், தாடிய எங்கடா அடகு வச்ச?” என்று லெய்ப் மாமா கன்னத்தைக் கிள்ளினார். காலையிலேயே கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

மெசுல்லாம் பெரிய பெயரெல்லாம் இல்லை. வேதத்தில் எருசலேமின் மதிலைப் பழுதுபார்த்தவர்களின் வரிசையில் வருகிற ஒரு ஆள். அவன் கல்லை வைத்தான், போனான், யாரும் அவனுக்காக ஒரு பிரசங்கம் செய்ததில்லை. ஆனால் அர்த்தம் கனமானது. ஈடு செய்யப்பட்டவன். எனக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து செத்தான். அவனுக்கு ஈடாக வந்ததால் எனக்கு அப்பா தேடி வைத்த பெயர்.

குழந்தைக்கு என்ன பெயர் என்று அதற்குள் கூட்டம் ஊகிக்க ஆரம்பித்திருந்தது. எங்கள் ஆட்கள் பிள்ளைக்கு இறந்தவர் பெயரைத்தான் வைப்பார்கள். உயிரோடு இருக்கிறவர் பெயரை வைப்பது அவருக்குக் குழி வெட்டுவதற்குச் சமம். அதனால் எந்த இறந்தவர் என்பதில்தான் போட்டி.

“என் பேர வச்சுத் தொலச்சிராதீங்கப்பா” என்றார் லெய்ப் மாமா. “மேசையில ஒரு பாட்டில் இன்னும் தொறக்காம இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

அப்பா மடியில் தலையணையை வைத்து உட்கார்ந்தார். குழந்தையை மடியில் பிடித்துக்கொள்ளும் பெருமை தாத்தாவுக்கு. பெண்கள் பக்கத்துத் திரையிலிருந்து கைமாறிக் கைமாறி வரும் குழந்தையைக் கடைசியாக வாங்கி அந்த மடியில் வைப்பவனுக்கும் ஒரு பெருமை உண்டு.

“அவன் கொண்டு வரட்டும்” என்று அப்பா என்னைக் காட்டினார்.

குழந்தையை வாங்கினேன். பால் வாசனை. அவர் மடியில் இறக்கும்போது அப்பாவின் கை என் கைமேல் பட்டது.

“மெதுவா” என்றார்.

அத்தனை வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னித்துவிட்டார் என்று நம்பினேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

கத்தி வேலை ஒரு நொடியில் முடிந்தது. குழந்தை வீறிட்டது, உதட்டில் திராட்சரசம் தொட்டு வைத்தார்கள். சடங்கு செய்தவர் பெயர் கேட்கக் குனிந்தார். ஷிப்ராவின் கணவன் கல்மன் என் அப்பாவை ஒருமுறை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சடங்கு செய்தவர் காதில் சொன்னான்.

“இஸ்ரவேலில் இவன் பெயர் மெசுல்லாம் என்று அழைக்கப்படட்டும்” என்று அவர் உரக்க அறிவித்தார்.

கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துவிட்டேன். அடுத்த பெருமையும் எனக்குத்தான் போலிருக்கிறது என்று, சிரித்த முகமாக.

பின்னாலிருந்து யாரோ கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. லெய்ப் மாமா பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அப்பா குழந்தையைக் கல்மனிடம் கொடுத்துவிட்டுக் கிளாசை எடுத்தார். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

“ஒரு பையனை இழந்தேன், கர்த்தர் ஈடு குடுத்தாரு. அந்த ஈட்டையும் இழந்தேன். இன்னிக்கு அதுக்கும் ஈடு குடுத்துட்டாரு.”

கிளாசைச் சற்று உயர்த்தினார். இறந்தவர்களுக்காக எங்கள் ஆட்கள் எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

“என் மகன் மெசுல்லாமோட ஆத்துமா மேல ஏறட்டும்.”

ஆமென் என்றது கூட்டம்.

திரைக்கு அந்தப் பக்கம் பெண்களும் சொன்னார்கள், கொஞ்சம் பிந்தி. அதில் அம்மாவின் குரல் இருந்தது. எத்தனை பேர் நடுவில் கேட்டாலும் அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

ஆசீர்வாதம் காதில் விழுந்தால் பதில் சொல்லிப் பழகிய வாய். என் வாயும் ஆமென் என்று சொல்லிவிட்டது.