ஆறுக்குப் பூஜ்யம்

"நேத்து மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார் டாக்டரம்மா.

எதிரே உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பெண் அவர் முகத்தையே பார்த்தாள். உதடு அசையவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஸ்பீக்கரில் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, 'அடிபட்டுச்சான்னு ஒரு வார்த்தை கேளேண்டி' என்று மனசுக்குள் மன்றாடினாள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் உரையாடலை அளக்கும் சோதனை அது. "நடுநடுவுல என் சொந்த விஷயம் ஒண்ணைச் சொல்லி நிறுத்துவேன். என்னாச்சுன்னு திருப்பிக் கேட்கிறாளான்னு பார்ப்பேன். ஆறுக்கு மூணாவது வாங்கணும்" என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். வாங்கினால், மற்ற பிள்ளைகளோடு ஆய்வக உதவியாளர் படிப்பில் சேரலாம். இல்லையென்றால் சிறப்புப் பள்ளியிலேயே இன்னும் ஒரு வருடம்.

"எங்க வீட்டு நாயை ரெண்டு நாளாக் காணோம்."

பதில் இல்லை.

"என் தம்பிக்கு வேலை போயிடுச்சு."

ஊஹூம்.

மழை, பஸ், கம்ப்யூட்டர் என்று வேறு எதைக் கேட்டாலும் டாண் டாணென்று பதில் வந்தது. அந்த ஆறு இடத்தில் மட்டும் வாய்க்குப் பூட்டு. வீட்டில் அப்பா தும்மினாலே மாத்திரை எடுக்க ஓடுகிறவள், இங்கே வந்து மானத்தை வாங்குகிறாளே என்று அம்மாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சோதனை முடிந்ததும் அம்மாவை உள்ளே கூப்பிட்டு மதிப்பெண் தாளை நீட்டினார் டாக்டரம்மா. ஆறுக்குப் பூஜ்யம்.

"மனசைத் தளர விடாதீங்கம்மா. அடுத்தவங்க கஷ்டம் இவளுக்கு உறைக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா?"

மகள் டாக்டரம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "இங்க வேண்டாம்மா. வெளியில சொல்றேன்."

விறுவிறுவென்று நடந்து, லிஃப்ட் பக்கம் போய்த்தான் நின்றாள். பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்க விழவும் இல்ல, நாய் தொலையவும் இல்லம்மா. அவங்க சொன்ன ஆறும் மேசைமேல இருந்த தாள்ல வரிசையா அச்சடிச்சிருந்துச்சு, தலைகீழாவே படிச்சிட்டேன். என்னாச்சுன்னு நான் கேட்டா, பாவம், அவங்க இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும்ல?"