கடையில் பிடிபட்ட மீன்

“நீங்கதான் மீனு, மதினி” என்றார் கடைக்காரர் கிளாட்வின்.

அவள் உள்ளங்கையில் ஒரு துண்டைச் சுற்றி, அதன்மேல் தூண்டில் நரம்பின் நுனியைக் கட்டிவிட்டார். மறுமுனை பதினைந்து அடி தள்ளி, அவள் கணவர் பிடித்திருந்த தூண்டில் ராடில் இருந்தது.

இந்தக் கடையில் அதுதான் வழக்கம். ஆழ்கடல் ராடு வாங்க வருகிறவர், கூட வந்த ஆளை இழுக்கவிட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எல்லோரும் கூட்டாளியோடு வருவார்கள். இவர் மனைவியோடு வந்திருந்தார்.

வந்திருந்தார் என்ன, அவள்தான் விடாமல் கூட வந்திருந்தாள்.

தை மாதம் கேஸ் சிலிண்டரைத் தூக்கித் தோளைப் பிசகவைத்துக்கொண்ட மனிதர். ஐந்து மாதமாகக் கடல் பக்கம் போகவில்லை. இப்போது அவளைக் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமைப் படகுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். படகின் அடியில் நாற்பது பாகம், அதாவது இருநூற்று நாற்பது அடி ஆழத்துக்கு, ஈயத்தில் செய்த பொய்மீனை நேராக இறக்கி, வெட்டி வெட்டி மேலே இழுக்கிற வேலை.

அவள் சொன்னது ஒன்றுதான். இரண்டு நிமிஷம் என்னைப் பிடித்து நில்லுங்கள். தோள் நோகாவிட்டால் போங்கள்.

கிளாட்வின் மெல்லிய ராடு ஒன்றை நீட்டினார்.

கணவர் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. “இத வச்சு முருங்கைக்கா பறிக்கலாம்.”

உலக்கை மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அவள் இழுத்தாள்.

ராடு வளையவில்லை. அவர் வளைந்தார்.

முகம் வெளுத்துவிட்டது. “ஒண்ணுமில்ல” என்றார். யாரும் கேட்கவே இல்லை.

அவள் இழுப்பதை நிறுத்தினாள். இந்த மனிதரையா கடலுக்கு அனுப்புவது?

கிளாட்வின் உலக்கையைப் பிடுங்கிக்கொண்டு மெல்லியதைக் கையில் திணித்தார். நரம்பை மாற்றிக் கட்டினார்.

மறுபடியும் இழுத்தாள்.

இந்த முறை ராடு நுனியிலிருந்து பாதிவரை வளைந்தது. தோள் அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். ராடு இன்னும் வளைந்துகொடுத்தது.

அவர் சிரித்தார். தை மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறார்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. முந்தானையைச் செருகிக்கொண்டு வாசல் தூணுக்குப் பின்னால் ஓடினாள்.

“கலவா மீனு பாறைக்குள்ள போவுது! விட்றாதீங்க அண்ணாச்சி!” என்று கத்தினார் கிளாட்வின்.

அண்ணாச்சி விடவில்லை.

ஒரு நிமிஷம் ஆயிற்று.

அவளிடம் இன்னும் தெம்பு இருந்தது. தூணில் நரம்பை ஒரு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே இருப்பார்.

வீட்டிலேயே.

அடுப்படியில் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பார். வெங்காயத்தை இப்படியா அரிவார்கள் என்பார். பெருங்காயம் போட்டாயா என்று கொதிக்கும்போது ஒரு தரம், இறக்கும்போது ஒரு தரம் கேட்பார். இந்த ஐந்து மாதத்தில் துணிக்கொடியையே மூன்று இடம் மாற்றிக் கட்டிவிட்டார். கடுகு டப்பாவை அவள் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறாள்.

அவள் தூணைவிட்டு விலகினாள்.

ஓர் அடி முன்னால் வந்தாள். பிறகு இன்னோர் அடி. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ரீலைச் சுற்றினார். நடுவில் ஒருமுறை திமிறியும் காட்டினாள். சும்மா வந்தால் சந்தேகப்படுவார்.

மேசையருகே வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்கினாள்.

“பாத்தியா? அப்படியே தூக்கிட்டேன்ல!”

வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் பல்லாக நின்றார். அதைப் பார்க்க அவளுக்கும் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

ராடுக்கு உறை பார்க்க அவர் உள்ளே போனார்.

அவள் துண்டை அவிழ்த்து மடித்து, கிளாட்வினிடம் கொடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஏந்தம்பி, இந்தப் படகு ஞாயித்துக்கெழம மட்டுந்தான் போவுமா?”