கேட்டா கேக்கட்டும்

மூன்றாவது மாடியில் அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் அபார்ட்மென்ட் செகரட்டரி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிடறேன்."

இரண்டாவது மாடி அம்மாவும் கூடவே கிளம்பினார்.

பாட்டு என்றால் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுதான். 'கரண்ட் கம்பி' என்று பேர் வைத்துக்கொண்டு நாலு பெண்கள் ஆடிப் பாடுகிற 'கேட்டா கேக்கட்டும்'. பஸ்ஸில், சலூனில், பல் டாக்டர் கிளினிக்கில்கூட அதுதான். ஆனால் அங்கெல்லாம் ஒரு தடவையோடு விட்டுவிடுவார்கள். இந்த வீட்டில் மத்தியானமானால் சுவர் அதிரும். அப்பாடா, முடிந்தது என்று மூச்சு விட்டால் மறுபடி முதலிலிருந்து.

போடுகிறவள் ஸ்டியரிங். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள் என்பதால் பிள்ளைகள் வைத்த பேர். அண்ணனுக்கு வெளியூரில் வேலை. அண்ணி, அண்ணியின் இரண்டு மாசக் குழந்தை, இவள், மூன்று பேர்தான் வீட்டில். மத்தியானம் சாப்பிட வருவாள். வந்ததும் பாட்டு.

இரண்டாவது மாடி அம்மா படியேறும்போதே மூச்சு வாங்கப் புலம்பினார். அந்த அண்ணிக்காரி வாயில்லாப் பூச்சியாம். நாத்தனார்க்காரி இப்படி ஆட்டம் போட்டால் அது என்ன பண்ணுமாம். அந்தப் பாழாய்ப்போன பாட்டு தனக்கே மனப்பாடமாகி, பாத்திரம் தேய்க்கும்போது வாய் தானாக முணுமுணுக்கிறதாம். வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறாராம்.

பெல் அடித்தார்கள். யூனிஃபார்ம் சட்டையோடு ஸ்டியரிங்தான் கதவைத் திறந்தாள். தோளில் குழந்தை. தாளத்துக்கு ஏற்ப ஆடிக்கொண்டே நின்றாள். அந்தச் சத்தத்திலும் குழந்தை வாயைப் பிளந்து தூங்கியது.

"பாருங்க சார், ஸ்பீக்கரை வாசலைப் பார்த்தே வெச்சிருக்கா. நம்ம காதுக்குன்னே" என்றார் அந்த அம்மா.

சத்தத்தைக் குறைக்கச் சொன்னார் செகரட்டரி. பேச்சு கேட்கிற அளவுக்குக் குறைத்தாள். அதற்கு மேல் இல்லை.

அவர் வரிசையாகச் சொன்னார். நைட் டியூட்டி முடித்துத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆமா சார், ஆமா சார் என்று தலையாட்டினாள்.

"தொந்தரவுதான் சார். ஆனா நிறுத்த முடியாது."

"ஏம்மா முடியாது?"

"அது எங்க வீட்டு விஷயம்."

"ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேளேன். யாரு வேணாங்கறா?"

"நான் மாட்டிக்கிட்டா உங்களுக்குக் கேக்காதே சார்."

செகரட்டரிக்குச் சுருக்கென்றது. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார்.

"வீட்டு ஓனர்கிட்ட பேசிட்டேன். நான் ஒரு வார்த்தை சொன்னா, இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிடுவார். உங்க அண்ணனும் ஊர்ல இல்ல. கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலையப் போறீங்களா?"

முதல்முறையாக அவள் ஆட்டம் நின்றது. குழந்தையின் முதுகைத் தடவினாள்.

"சொல்லிக்குங்க சார்."

பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று அந்த அம்மா கையை விரித்தபோது, உள்ளே பாத்ரூம் கதவு திறந்தது. முகம் கழுவிய ஈரத்தோடு அண்ணி வந்தாள். வாசலில் ஆட்களைப் பார்த்ததும் அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கூரியர்காரன் பெல் அடித்தாலே போய்த் திறக்கப் பயப்படுகிறவள்.

"அண்ணி, நீங்க உள்ள போங்க. நான் பார்த்துக்கறேன்" என்றாள் ஸ்டியரிங்.

"நீ இரும்மா." செகரட்டரியின் குரல் இறங்கியது. "பயப்படாம சொல்லு. இவளால உனக்குத் தொந்தரவுதானே? நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. வெளியூர்ல இருக்கற உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே பேசறேன். உன்னை யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க."

"அண்ணி, வேணாம்."

"நம்ம முன்னாடியே எப்படி மிரட்டறா பார்த்தீங்களா" என்றார் இரண்டாவது மாடி அம்மா.

அண்ணி மெல்ல நடந்து வந்து, குனிந்து, ஸ்பீக்கரை அணைத்தாள். பாட்டு பாதி வரியில் அறுந்தது. அந்த அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு. செகரட்டரி, பார்த்தாயா என்பது போல ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

அண்ணி நிமிர்ந்தாள். செகரட்டரியை நேராகப் பார்த்தே பேசினாள்.

"இந்தப் பிள்ளை பிறந்ததிலேர்ந்து தினம் எனக்கு அழுகை வருது சார். ஏன்னு எனக்கே தெரியல. இவ வந்து பிள்ளையைத் தோள்ல வாங்கிக்கிட்டு, போய் அழுதுட்டு வாங்க அண்ணின்னு அனுப்புவா. நான் பாத்ரூம்ல கதறறது உங்க காதுல விழக் கூடாதுன்னுதான் இந்தப் பாட்டு. நாளையிலேர்ந்து பாட்டு இல்லாமலே அழறேன். யாருக்குத் தொந்தரவோ, வந்து என்கிட்ட சொல்லுங்க."